ஓர்லீனாவின் இசைத்தட்டில் லூலா

ஓர்லீனா கேஹார்ட்டின் முதல் இசைத்தட்டு வெளிவந்த வருடம் எங்கள் மலைகளில் நரிகளெல்லாம் இளைத்துப்போயின. ஒன்றை நானே பார்த்தேன். எலும்பும் தோலுமாக, ரேடியோ வைத்திருக்கும் வீடுகளைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தத் தட்டில் ஒரு வேட்டை நாயின் குரல் இருந்தது. எந்த ஜன்னலிலிருந்து அது வரும் என்று தெரியாமல், பாவம், நரிகள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருந்தன. நான் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. வேண்டுமானால் நரிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது நான் ராக்லிக் வானொலி நிலையத்தில் காலை அறிவிப்பாளனாக இருந்தேன். நிலையம், சவப்பெட்டிக் கடைக்கு மேல் மாடி. வெளிச் சத்தம் வராமலிருக்க, பெட்டிக்குள்ளே விரிக்கும் பட்டு மெத்தையைச் சுவரெல்லாம் அடித்திருந்தோம். அதைவிட அமைதியான துணி உலகில் கிடையாது. படுத்தவர் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. எங்கள் ஒலிபரப்புக்கு அவ்வளவு வலு கிடையாது. மழைக்காலத்தில் என் குரல் நனைந்து கனத்துப்போய் மலையேற முடியாமல் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். வெயில் வந்ததும் ஜனங்கள் முந்தின வாரத்துச் செய்தியைக் கேட்பார்கள். கென்டக்கியின் கிழக்கு மலைகளில் செய்தி அவ்வளவு சீக்கிரம் பழசாகாது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. காலையில் யார் இறந்தார்கள், யாருடைய மாடு காணாமல் போனது என்று வாசித்துவிட்டு நடுவில் பாட்டுப் போடுவேன்.

ஓர்லீனா என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். பிறகு அதே பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் டெல்மர், ஸ்டிடம் குடும்பத்துப் பையன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையாக இருந்தான். சுரங்கத்தை மூடினார்கள். எல்லோரையும் போல அவனும் ஒஹையோவுக்கு, டேட்டன் நகரத் தொழிற்சாலைக்குப் போகிறேன் என்றான். நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அவன் கூப்பிடவில்லை, அவளாக வருவாள் என்று நினைத்தான். வரட்டுமா என்று அவள் கேட்டிருந்தால் அவன் சரி என்றிருப்பான். அவள் கேட்கவில்லை. கடைசியில் சண்டைதான் வந்தது.

"போறவன் அப்படியே போயிடு. நான் கூப்பிடுவேன்னு மட்டும் கனவு காணாதே" என்றாள் அவள்.

"கூப்பிடாத வீட்டுக்கு நான் வர்றதில்லை" என்றான் அவன்.

இது வேறு குடும்பமாக இருந்தால் ஒரு வாரத்துப் பேச்சு. ஸ்டிடம்கள் அப்படியில்லை. டெல்மரின் தாத்தா ஒரு பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். 'உள்ளே வா' என்று யாரும் சொல்லாததால் வசந்தகாலம் வரை நின்றுகொண்டே இருந்தார் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. பிப்ரவரியில் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தகவல். கேஹார்ட்கள் அதற்கு மேல். அவர்கள் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஒரு தடவை அவர்கள் வீடு தீப்பிடித்து எரிந்தபோது ஓர்லீனாவின் அப்பா வேலியருகே வந்து, "எங்க வீட்டுல கொஞ்சம் வெளிச்சமா இருக்கு. பொழுது போகலைன்னா வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேட்டனில் தங்கும் விடுதியில் நாய்க்கு இடமில்லை. அதனால் டெல்மர் தன் வேட்டை நாய் லூலாவை விட்டுவிட்டுப் போனான். கிளம்புகிற அன்று முட்டிபோட்டு உட்கார்ந்து அதன் காதில் வெகுநேரம் ஏதோ சொன்னான். ஓர்லீனா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வார்த்தையாவது தனக்கு வரும் என்று காத்திருந்தாளாம். வரவில்லை.

லூலாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் நரி வேட்டை என்றால் நரியைப் பிடிப்பதல்ல. பிடித்துவிட்டால் மறுநாள் எதைத் துரத்துவது? நாய்களை அவிழ்த்துவிட்டு, ஆண்கள் மேட்டில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து, தூரத்தில் கேட்கும் குரல்களை ரசிப்பார்கள். அதுதான் வேட்டை. நல்ல குரலுள்ள நாயை 'நல்ல வாய்' என்போம். பெற்ற பிள்ளை இருமினால் யார் பிள்ளை என்று தெரியாத மனிதன்கூட மூன்று மலை தாண்டிக் குரைக்கும் நாய் யாருடையது, அதன் அம்மா யார் என்பதெல்லாம் சொல்லிவிடுவான். லூலாவுக்கு அந்த மாவட்டத்திலேயே இல்லாத வாய். கீழே ஆரம்பித்து, நீட்டி, மேலே போய், அங்கே ஒரு நொடி உடைந்து, திரும்பி வரும். அந்த உடைகிற இடத்தைக் கேட்பதற்காகவே இரண்டு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

ஓர்லீனாவுக்கும் குரல் உண்டு. அது யாருக்கும் தெரியாது. எங்கள் தேவாலயச் சபையில் வாத்தியம் கிடையாது. மூப்பர் ஒரு அடியைச் சொல்ல, எல்லோரும் ஒன்றாக இழுத்துப் பாடுவோம். அந்தக் கூட்டத்தில் ஒரு குரலைத் தனியாகப் பிரிப்பது, கஞ்சியில் ஒரு பருக்கையைத் தேடுவது மாதிரி. டெல்மர் அவளோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் தனியாகப் பாடிக் கேட்டதில்லை. அவன் வீட்டில் இல்லாதபோதுதான் அவள் பாடுவாள்.

அவன் போன பிறகு நிறையப் பாடினாள்.

ஒரு நாள் நிலையத்துக்கு வந்து நின்றாள். கூடவே அவள் அண்ணன் ஆர்வில். கம்பி மேல் இரும்பைத் தேய்த்து இழைக்கும் ஸ்டீல் கிட்டார் வாசிப்பான், ஆனால் அதைவிட நரி வேட்டையில்தான் பெயர் பெற்றவன்.

"ஹோபர்ட்டு, ஒரு பாட்டு கட்டியிருக்கேன்" என்றாள் என்னிடம். "கேட்டுட்டு சிரிக்கக் கூடாது."

பாடினாள். காலையில் எழுந்து பழக்கத்தில் இரண்டு காப்பிக் கோப்பையை எடுத்துவிடும் ஒரு பெண்ணின் பாட்டு.

*விடிஞ்சா ரெண்டு கோப்பை எடுக்குறேன்,*
*வீம்புக்கு ஒண்ணைக் கவுத்து வைக்குறேன்.*
*ஆறிப்போற காப்பியைக் கேளு,*
*ஆரு பேரைச் சொல்லி ஆவி விடுதுன்னு.*

நான் சிரிக்கவில்லை. அன்று இறந்தவர்கள் பட்டியலை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தேன். இறந்தவர்களின் குடும்பத்தார் என்னை வந்து பார்த்து, இவ்வளவு நெருக்கம் என்று தெரியாமல் போய்விட்டதே என்று நன்றி சொன்னார்கள்.

"இது தட்டா வரணும், ஹோபர்ட்டு. டேட்டன் வரைக்கும் போகணும். அங்க நம்மூர் ஆளுங்க சாப்பிடற கடையில எல்லாம் காசு போட்டா பாடற பெட்டி இருக்காமே. அதுல ஒருநாள் அவர் காதுல விழும்."

"ஏம்மா, ஒரு கார்டு எழுதிப் போட்டா முடிஞ்சுது" என்றான் ஆர்வில். "'வா'. ஒரே எழுத்து. மையும் மிச்சம்."

"அது கூப்பிட்டதா ஆயிடும்."

"பாட்டு?"

"பாட்டு பாட்டுதான். நான் பாட்டுக்குப் பாடினேன், அவர் பாட்டுக்கு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடலை." பிறகு எங்கள் இருவரையும் வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, டெல்மருக்குத் தகவல் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினாள். "கூப்பிட்டுத்தான் வரணும்னா வராமலே இருக்கட்டும்" என்றாள். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. கையிலிருந்த தொப்பியைத்தான் பிழிந்துகொண்டிருந்தாள். அது ஆர்விலின் தொப்பி.

சின்சினாட்டியிலிருந்து ப்ரூவிட் என்று ஒருவர் அவ்வப்போது ஒலிப்பதிவு இயந்திரத்தோடு மலைப்பக்கம் வருவார். சொந்தமாகச் சின்னதாக ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருந்தார். காலில் மண் படுவது பிடிக்காத மனிதர். எங்கள் ஊரில் நடப்பதற்காகவே ஒரு ஜோடி செய்தித்தாள் வைத்திருந்தார். ஒன்றைப் போட்டு மிதித்து, பின்னாலிருப்பதை எடுத்து முன்னால் போட்டு, அப்படித்தான் மாடி ஏறினார்.

லூலாவை வீட்டில் தனியாக விட்டால் கதவைத் தின்றுவிடும் என்று ஓர்லீனா கூடவே கூட்டிவந்து கீழே மாடிப்படியில் கட்டியிருந்தாள். ப்ரூவிட் பின்னறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் கையை அசைத்தேன். ஓர்லீனா ஆரம்பித்தாள்.

நான்காவது அடி முடிந்ததும் ஆர்விலின் ஸ்டீல் கிட்டார் நுழைய வேண்டும். 'ஆவி விடுதுன்னு' என்ற இடத்தில் ஓர்லீனாவின் குரல் லேசாகத் தழுதழுத்தது. ஆர்வில் தங்கையைப் பார்த்துவிட்டான். பார்த்ததில் கையை வைக்க மறந்துவிட்டான். அந்த இடைவெளியில்தான் கீழேயிருந்து, பட்டு அடிக்காத கதவு வழியாக, லூலா குரலெடுத்தாள். சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. கீழே ஆரம்பித்து, நீட்டி, மேலே போய், உடைந்து, திரும்பி, ஓர்லீனா அடுத்த அடியை எடுக்கச் சரியாக இடம்விட்டு நின்றாள். தெருவில் நரி போயிருக்கும் என்று ஆர்வில் இன்றுவரை சொல்கிறான். எஜமானியின் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் என்பது என் கட்சி. நான் ஆர்விலையும் நம்புகிறேன்.

எல்லாம் போச்சு, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். ப்ரூவிட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து ஆர்விலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ பேர் ஸ்டீல் கிட்டார் வாசிச்சுக் கேட்டிருக்கேன். இப்படி ஒரு இழைப்பு கேட்டதே இல்லை. எப்படிய்யா அந்த உச்சியில உடைச்சே?"

ஆர்வில் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் வாழ்நாளில் யாரும் அவன் வாசிப்பைப் பாராட்டியதில்லை.

"பயிற்சிதான் சார்" என்றான்.

அவ்வளவுதான். செய்தித்தாளைப் போட்டுக்கொண்டே ப்ரூவிட் இறங்கிப் போய்விட்டார். மாடிப்படியில் லூலா அவர் காலை முகர்ந்தாள். தன் பாடகரை அவர் ஓரமாகப் போ என்று விரட்டினார்.

வசந்தத்தில் தட்டு வந்தது. நிலையத்துக்கு வந்த முதல் பிரதியை ஓர்லீனா ஏப்ரனில் கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பெயர் அச்சடித்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஹோபர்ட்டு, கோல்டி ரே யாரு?"

"நீதான். கேஹார்ட்னா நகரத்துல வாயில நுழையாதுன்னு ப்ரூவிட் மாத்திட்டாராம்."

"கோல்டி ரேயை டெல்மருக்குத் தெரியாதே" என்றாள் மெதுவாக. "என் குரலும் தெரியாது. இப்ப பேரும் தெரியாது. அப்ப நான் யாருக்குப் பாடினேன்?"

நான் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிச் சுழலவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். லூலாவின் குரல் காற்றில் போனதும், எங்கள் ஊர் ஓடைக்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு நாயும் பதில் சொன்னது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கோவேறு கழுதையை அப்படியே நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார்கள். ரேடியோ இல்லாதவர்களுக்கு வேலியின் முள்கம்பியிலேயே எங்கள் நிலையம் கேட்கும். நிலையத்து போன் மணி அடித்தது, பாட்டு முடிவதற்குள்.

"ஏய் ஹோபர்ட்டு, அது டெல்மரோட லூலாதானே?"

"ஆமாங்க."

"இன்னொரு தடவை போடு. கூட ஒரு பொம்பளை கத்துறா, அவளைக் கொஞ்சம் குறைச்சு வை."

அன்று அதே தட்டைத்தான் நாள் முழுக்கப் போட்டேன். அடுத்த வாரமும் அதுதான். சபையில் பேச்சு எழுந்தது. ரேடியோவில் கிட்டாரோடு பாடுவது பாவமா என்று மூப்பர்கள் கூடினார்கள். கிட்டார் பாவம்தான், ஆனால் நாய் வாத்தியம் அல்ல, ஆண்டவர் படைத்தது, எனவே அந்தப் பகுதி மட்டும் கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. மூப்பர் பென்னட்டின் வீட்டில் அந்த நொடிக்காக ரேடியோவைத் திருகுவதும் உடனே அணைப்பதுமாக, குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது.

தட்டு டென்னசிக்குப் போனது. மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. நரி வேட்டைக்காரர்கள் மலையெங்கும் இருக்கிறார்கள். கிராமபோன் பெட்டியே இல்லாதவன்கூடத் தட்டை வாங்கிச் சுவரில் மாட்டினான். கோடையில் ப்ரூவிட் திரும்பி வந்தார், கை நிறையக் கடிதங்களோடு. செய்தித்தாளை மறந்து மண்ணிலேயே நடந்து வந்தார்.

"ஹோபர்ட், கோல்டி ரே பெரிய ஆளாயிட்டா. ஒரு பாட்டுல இப்படி ஒரு பேர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. நூத்துக்கணக்குல எழுதறாங்க. எல்லாரும் ஒரே கேள்வி. தட்டுல ஸ்டீல் கிட்டார்னு அச்சடிச்சிருக்கே, அது குட்டி போட்டா ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கறாங்க. என்னய்யா அர்த்தம்?"

"மலைக்காரங்க அப்படித்தான் சார் பாராட்டுவாங்க" என்றேன்.

அவர் ஒஹையோவில் கச்சேரிகள் ஏற்பாடு செய்திருந்தார். முதல் மேடை டேட்டனில். ஓர்லீனா வர வேண்டும், ஆர்வில் வர வேண்டும். ஆர்விலுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேடையில் நாயைத் துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

ஓர்லீனா வர மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் சோள மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"பாட்டு என்னோடது. பேரு எவளோடதோ. புகழு நாயோடது. இதுல நான் வந்து எதுக்கு?"

"டேட்டன்ல டெல்மர் இருக்கான்ல" என்றேன்.

"இருக்கட்டும். வீட்டுல உக்காந்து கூப்பிடவே மாட்டேன்னவ, ஊர் தேடிப் போய் மேடையேறி ஒலிபெருக்கி வெச்சுக் கூப்பிடணுமா?" மாவை ஒரு குத்துக் குத்தினாள். "கேட்டிருப்பார், ஹோபர்ட்டு. அத்தனை பெட்டியில பாடுதே, இதுக்குள்ள கேட்டிருப்பார். கேட்டும் வரலைன்னா அதுக்கு ஒரு அர்த்தம்தானே இருக்கு."

நான் ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றேன். சத்தியம் செய்தவனுக்கு அதைத் தவிர வாயால் செய்யக்கூடிய காரியம் எதுவும் இல்லை.

ப்ரூவிட் ஒரு வாரம் கெடு வைத்துவிட்டுப் போனார். அந்தக் கெடு முடிகிற நாள் காலை, நான் ஒலிபரப்பில் இருந்தபோது நிலையத்து போன் அடித்தது. நீளமான ஒரு துதிப் பாட்டைச் சுழலவிட்டு எடுத்தேன். ஓர்லீனா.

இங்கே எங்கள் போனைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஓடைக்கரை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டில் எடுத்தால் எல்லா வீட்டிலும் கேட்கும். எனவே எல்லோரும் எடுப்பார்கள். அடுத்தவர் பேசும்போது எடுக்காமலிருப்பது, அவர்கள் வாழ்க்கையில் அக்கறை இல்லை என்று காட்டுவதாகிவிடும். எடுத்தபின் மூச்சை அடக்கி, வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். அதுதான் நாகரிகம். அன்று நான் எடுத்த கையோடு, மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி வரிசையாக 'டிக் டிக்'கென்று கேட்டது. ஓடைக்கரை முழுக்க வந்து உட்கார்ந்தாயிற்று.

"ஹோபர்ட்டு, ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றாள். "அந்த ப்ரூவிட்கிட்ட வரேன்னு சொல்லிடு."

"வரியா?"

"வரேன். மேடையில நின்னு, என் பேரு ஓர்லீனா ஸ்டிடம், புருஷன் பேரு டெல்மர், அவர் வீட்டுக்கு வரணும்னு சொல்லிட்டுத்தான் பாடப்போறேன். ஆமா, கூப்பிடத்தான் போறேன். எங்கப்பன் குழியில புரண்டு படுக்கட்டும். எனக்கு வீம்பு பிடிச்சுப் பிடிச்சுக் கை வலிக்குது, ஹோபர்ட்டு. கீழ வெச்சுடறேன்."

கம்பியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள் பக்கம் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம். உடனே லூலா. குரைப்பில்லை, ஊளையும் இல்லை. சிறு குழந்தை விசும்புவது போல, யாரும் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு சத்தம். பிறகு போன் மரச்சுவரில் இடிபடுவது கேட்டது. ஓர்லீனா அதை வைக்கவில்லை. தொங்க விட்டுவிட்டாள்.

நாங்கள் யாரும் வைக்கவில்லை. வைத்தால் 'டிக்'கென்று கேட்குமே, அது மரியாதையா?

வலைக்கதவு கிறீச்சிட்டது. நாயின் வால் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"லூலா இளைச்சிருக்கா" என்றான் டெல்மர்.

"நல்லாத்தான் தின்னுறா. கதவைக்கூட" என்றாள் ஓர்லீனா. "நாயைப் பார்க்கத்தான் வந்தியா?"

"கூப்பிட்டா. வந்தேன்."

"யாரு கூப்பிட்டா?"

"லூலாதான். டேட்டன்ல ஒரு கடையில சோறு தின்னுக்கிட்டிருக்கேன், எவனோ பெட்டியில காசு போட்டான். லூலா குரல். நான் மேசைக்கடியில குனிஞ்சு தேடறேன், அங்க எவனோ ஒருத்தன் காலுதான் இருக்கு. அவன் என்னை உதைக்க வந்துட்டான்."

ஓர்லீனா சிரிக்கவில்லை. கம்பியில் ஒருவர் சிரித்து, இருமலாக்கி, அதையும் விழுங்கினார்.

"அந்தத் தட்டுல நாய் மட்டும்தான் இருந்துச்சா?"

"ஒரு பொம்பளை பாடறா. கோல்டி ரேயோ என்னவோ."

"எப்படிப் பாடறா?"

நான் போனைக் காதோடு அழுத்தியதில் அந்தக் காது அன்றிலிருந்து மற்றதைவிடச் சப்பையாகத்தான் இருக்கிறது.

"மொதல் தடவை நான் அவளைக் கேக்கவே இல்லை. நாயைத்தான் கேட்டேன். நாயைக் கேக்கணும்னுதான் மறுபடி மறுபடி காசு போட்டேன். ஆனா லூலா வர்றதுக்கு முன்னாடி அவளைக் கேட்டுத்தானே ஆகணும். கேக்கக் கேக்க..." நின்றான், பிறகு ஓர்லீனாவின் செல்லப் பெயரைச் சொன்னான். "அவ யாரையோ நெனைச்சு உருகறா, ஓரி. காலையில காப்பி வெச்சுக்கிட்டு. கூப்பிடவும் மாட்டேங்கிறா, விடவும் மாட்டேங்கிறா. எனக்கு அவன் மேல அப்படி ஒரு கோவம். எவன்டா அவன், இப்படி ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா, வராம எங்கயோ கிடக்கறான்னு. கையில கிடைச்சா நாலு அறை விட்டிருப்பேன். அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு நெனைச்சேன், எனக்குன்னு இப்படி யாராவது ரெண்டாவது கோப்பை எடுப்பாங்களான்னு. தெரியலை. சரி, நாயையாவது போய்ப் பார்ப்போம்னு கிளம்பிட்டேன்."

அப்புறம் ஓர்லீனா பாடினாள். கிட்டார் இல்லாமல், ரொம்ப மெல்ல, அடுப்பில் இருப்பது கொதிக்கிற சத்தத்துக்குள்ளேயே. முதல் இரண்டு அடி. மூன்றாவது அடி வரவில்லை.

நாயின் வால் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அது நீயா?" என்றான் டெல்மர்.

"நான்தான்."

"நீ பாடினதே இல்லையே, ஓரி."

"நீ வீட்டுல இல்லாதப்ப பாடுவேன். நீதான் போய்ட்டியே. பாட்டா பொழிஞ்சுது."

"அப்ப அந்த ஆளு..."

"நாலு அறை விடணும்னியே. விட்டுக்கோ."

மறுபடி அமைதி. இந்த முறை அது வேறு மாதிரி அமைதி. சவப்பெட்டிப் பட்டிலும் கிடைக்காதது. பிறகு டெல்மரின் குரல்:

"அப்ப நீதான் என்னைக் கூப்பிட்டே."

"நான் கூப்பிடலை. பாடினேன். அவ்வளவுதான்."

"சரி. நானும் வரலை. நாயைப் பார்க்க வந்தேன்."

"ரொம்ப நேரமா கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறே" என்றாள் ஓர்லீனா. "ஈயெல்லாம் உள்ள வருது. சாத்து. எந்தப் பக்கம் நின்னு சாத்தறதுன்னு நீயே பாத்துக்கோ."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடைக்கரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு பலகைத் தரையில் பூட்ஸ் சத்தம், ஒன்று, இன்னொன்று, நாற்காலி இழுபட்டது, யாரோ அழுதார்கள், அழுதது அவளா அவனா என்று பின்னால் பெரிய விவாதமே நடந்தது. பென்னட் மூப்பர் அவன்தான் என்கிறார். நாய் விஷயத்தில் அவர் காது சரி, மனிதர் விஷயத்தில் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இதற்குள் என் துதிப் பாட்டு எப்போதோ முடிந்து, தட்டில் முள் உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசல் மாவட்டம் முழுக்க ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஒருவரும் போன் செய்து குறை சொல்லவில்லை. போனைத்தான் எல்லோரும் கையில் வைத்திருந்தார்களே.

தொங்கிய போனை யாரோ எடுத்தார்கள். டெல்மர்.

"எல்லாரும் வைங்கப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "சாயங்காலம் வாங்க, நாயைப் பார்க்கலாம். இப்ப வைங்க."

டிக். டிக். ஓடையின் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தது. யாரோ ஒரு அம்மாள், "நல்லா இருங்க கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டு அவசரமாக வைத்தாள். கடைசியில் கம்பியில் என் மூச்சு மட்டும் எனக்கே கேட்டது.

போன் கை மாறியது. ஓர்லீனா.

"ஹோபர்ட்டு, ப்ரூவிட்கிட்ட டேட்டனுக்கு வரலைன்னு சொல்லிடு. வேணும்னா அடுத்த பாட்டை என் பேர்ல போடச் சொல்லு, யோசிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, சந்தேகத்தோடு கேட்டாள். "ஏய், இவ்வளவு நேரம் நீயும் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"இல்லை" என்றேன்.